டீச்சர் பக்கத்தில் இல்லாத 27 நிமிடங்கள்: தொடக்கப் பள்ளியில் கூட்டுக் கற்றலுக்கு ஜூன் மாதம் ஏன் முக்கியம்?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "புக்கு குடுத்துட்டாங்களா? எந்தப் பாடம் நடத்துறாங்க?" என்பதுதான். "இன்னும் பாடம் ஆரம்பிக்கல, குரூப்பா உக்காந்து விளையாடுறோம்" என்று குழந்தை சொன்னால் வீட்டில் கொஞ்சம் பதற்றம் வந்துவிடும். பத்து நாள் ஆச்சு, இன்னுமா ஆரம்பிக்கல?

குழுவாக உட்கார்ந்து படிக்கும் தொடக்க வகுப்புகளைப் பொறுத்தவரை அந்தப் பத்து நாள் வீண் இல்லை. வருஷம் முழுக்க வகுப்பு ஒழுங்காக ஓடுமா, சந்தைக்கடை ஆகுமா என்பது அப்போதுதான் முடிவாகிறது. கூட்டுக் கற்றல் என்றால் என்ன, அதைக் கல்வியாண்டின் தொடக்கத்தில் எப்படிப் பழக்குவது, பெற்றோர் எதைக் கவனிக்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

அது என்ன 27 நிமிடக் கணக்கு?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 1 முதல் 5 வரை உள்ள பள்ளியில் 60 மாணவர்கள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். 61 முதல் 90 வரை என்றால் மூன்று பேர். அதாவது, சின்ன ஊர் தொடக்கப் பள்ளியில் சட்டம் சொன்னபடியே ஆசிரியர் இருந்தாலும், ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர்தான். ஒருவர் 1, 2, 3ஆம் வகுப்புகளைச் சேர்த்துப் பார்ப்பார். இன்னொருவர் 4, 5ஐப் பார்ப்பார்.

இப்போது சின்னதாக ஒரு கணக்கு. 40 நிமிட வகுப்பு, மூன்று குழுக்கள். ஆசிரியர் சமமாக நேரம் ஒதுக்கினால் ஒரு குழுவுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 13 நிமிடம். மீதி 27 நிமிடம் அந்தக் குழந்தைகள் பக்கத்தில் டீச்சர் இல்லை.

அந்த 27 நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் விஷயமே. பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் கேட்டுக் கற்கத் தெரிந்த குழந்தைக்கு அது படிக்கும் நேரம். கேட்கத் தெரியாத, கூச்சப்படுகிற குழந்தைக்கு அது வெறும் காத்திருப்பு. வருஷம் முழுக்க, ஒவ்வொரு வகுப்பிலும், மூன்றில் இரண்டு பங்கு நேரம் காத்திருப்பு என்றால் இழப்பு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

வட்டமா உக்கார வெச்சா போதுமா?

போதாது. குழுவாக உட்காருவது வேறு, குழுவாகக் கற்பது வேறு.

நான்கு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் சிலேட்டில் அவரவர் கணக்கைப் போட்டால் அது வட்டமான வரிசை, அவ்வளவுதான். அதே நான்கு பேரிடம் 12 புளியங்கொட்டையைக் கொடுத்து, "இதை எத்தனை விதமா சமமா பிரிக்கலாம்? எல்லா விதத்தையும் கண்டுபிடிங்க" என்று சொன்னால் நிலைமை மாறும். ஒருவர் அடுக்க வேண்டும், ஒருவர் எண்ண வேண்டும், ஒருவர் எழுத வேண்டும், ஒருவர் "இது ஏற்கெனவே வந்துடுச்சு" என்று சரிபார்க்க வேண்டும். ஆறு விதமும் கிடைக்கும்வரை வேலை முடியாது.

சோதித்துப் பார்க்க எளிதான வழி ஒன்று உண்டு. குழுவில் ஒருவர் சும்மா இருந்தாலும் வேலை முடிந்துவிடுமா? முடிந்துவிடும் என்றால் அது கூட்டுக் கற்றல் இல்லை.

2025 ஜூலையில் தமிழ்நாட்டில் 'ப' வடிவ இருக்கை பற்றிப் பெரிய பேச்சு எழுந்தது நினைவிருக்கலாம். 'ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்' என்ற மலையாளப் படத்தைத் தொடர்ந்து கேரளப் பள்ளிகளில் ஆரம்பித்து, இங்கேயும் வந்த யோசனை அது. கடைசி பெஞ்ச் என்ற ஒன்றே இருக்கக் கூடாது என்பது நல்ல நோக்கம். கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதால் வலி வராதா என்ற எதிர்க்கேள்வியும் உடனே கிளம்பியது. இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. பெஞ்சை ஒரே நாளில் திருப்பிவிடலாம். பக்கத்துப் பிள்ளை பேசும்போது காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் ஒரே நாளில் வராது.

இது வெளிநாட்டுச் சரக்கா?

முழுக்க இல்லை. பிள்ளைகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது நம்மூர் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சாதாரணம். மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை, வாத்தியாருக்குப் பதிலாகச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்.

இதில் ஒரு சுவாரசியமான வரலாறும் இருக்கிறது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்து பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் பழகுவதைப் பார்த்து, தன் பள்ளியிலும் கொண்டுவர நினைத்தார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. உடனே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க வைத்தார். 1797இல் லண்டனில் அவர் இதைப் பற்றி எழுதி வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பிரிட்டன் முழுக்கப் பரவியது.

ஆனால் சட்டாம்பிள்ளை முறைக்கும் கூட்டுக் கற்றலுக்கும் முக்கியமான வித்தியாசம் உண்டு. சட்டாம்பிள்ளை மேலே, மற்றவர்கள் கீழே. கூட்டுக் கற்றலில் இன்று சொல்லிக் கொடுத்தவர் நாளை கேட்டுக்கொள்வார்.

இன்றும் பல வகுப்புகளில் சட்டாம்பிள்ளை வேறு வடிவத்தில் இருக்கிறார். "லீடர், பேசுறவங்க பேரை போர்டுல எழுது" என்று சொல்லிவிட்டு டீச்சர் வெளியே போவது எல்லோருக்கும் பழக்கமான காட்சி. பேசினால் பெயர் போர்டுக்குப் போகும் வகுப்பில், "குரூப்பா பேசிப் படிங்க" என்று மறுநாள் சொன்னால் பிள்ளைகள் எப்படிப் பேசுவார்கள்?

தமிழ்நாட்டில் என்ன நடந்திருக்கிறது?

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் இதில் முக்கியப் பங்கு வகித்தார். ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்கில் ஒற்றை ஆசிரியர் கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறைதான் இதற்கு முன்மாதிரி. 2007-08இல் மாநிலம் முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது.

பாய், கைக்கு எட்டும் கீழ்மட்டக் கரும்பலகை, ஏணிப்படி, அட்டைகள், பிள்ளைகளின் படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல் எல்லாம் அந்தக் காலத்து மாணவர்களுக்கு நினைவிருக்கும். அதில் குழு பிரித்த விதம் கவனிக்க வேண்டியது. ஆசிரியரின் முழு உதவி தேவைப்படுபவர்கள், பகுதி உதவி போதும் என்பவர்கள், சக மாணவர் உதவியோடு படிப்பவர்கள், தானே படிப்பவர்கள் என்று, எவ்வளவு உதவி வேண்டும் என்பதை வைத்துப் பிரித்தார்கள். ஒரே குழந்தை ஒரு நாளில் ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்கு நகர முடியும்.

அடுத்தது எண்ணும் எழுத்தும். கொரோனாவால் ஏற்பட்ட கற்றல் இடைவெளியைச் சரிசெய்ய, 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் இதைத் தொடங்கி வைத்தார். முதலில் 1 முதல் 3 வரை, 2023-24இல் 4, 5ஆம் வகுப்புகளுக்கும். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலைக்கேற்ற பயிற்சிகள், பாட்டு, கதை, பொம்மலாட்டம் என்று வகுப்பு நகரும்.

இரண்டு முறைகளுமே ஒரு விஷயத்தை நம்பித்தான் இயங்குகின்றன. டீச்சர் ஒரு குழுவோடு இருக்கும்போது மற்ற குழுக்கள் தானாக இயங்க வேண்டும். அதை யாராவது பழக்கியாக வேண்டும். அதற்கான நேரம்தான் ஜூன்.

முதல் நான்கு வாரம்: எப்படி ஆரம்பிப்பது?

முதல் வாரம் - பெயர், பொருள், சைகை. எல்லோருக்கும் எல்லோர் பெயரும் தெரிய வேண்டும். "அவன்", "அந்தப் பொண்ணு" என்று கூப்பிடும் வரை குழு உருவாகாது. பெயர் சொல்லிப் பந்து உருட்டும் விளையாட்டு போதும். அடுத்து பொருட்கள். சாக்பீஸ், கத்தரிக்கோல், மணிச்சட்டம், கதைப் புத்தகம் எல்லாவற்றுக்கும் ஓர் இடம். எங்கே எடுப்பது, எங்கே வைப்பது என்று பிள்ளைகளையே செய்து காட்டச் சொல்ல வேண்டும். மூன்றாவது, அமைதிக்கு ஒரு சைகை. "சைலன்ஸ்!" என்று கத்துவதைவிட, டீச்சர் கை தட்டும் தாளத்தைப் பிள்ளைகள் திருப்பித் தட்டிவிட்டு நிறுத்துவது நன்றாக வேலை செய்யும். தினமும் நாலைந்து முறை பழக்கினால் ஒரு வாரத்தில் பிடிபடும்.

இந்த வாரத்தில் குழு வேண்டாம். ஒன்றாம் வகுப்பில் அம்மாவைத் தேடி அழும் பிள்ளைகள் இருப்பார்கள். பக்கத்தில் ஒரு துணை போதும்.

இரண்டாம் வாரம் - ஜோடி. "காலையில என்ன சாப்பிட்ட?" என்று பக்கத்துப் பிள்ளையிடம் கேள்வி. பதிலைக் கேட்டவர்தான் வகுப்புக்குச் சொல்ல வேண்டும். "கவின் பொங்கல் சாப்பிட்டான்" என்று சொல்ல, கவின் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும் இல்லையா? தன் பதிலைச் சொல்லாமல் அடுத்தவர் பதிலைச் சொல்ல வைப்பதில் கேட்கும் பழக்கம் தானாக வரும். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஜோடியை மாற்றுவது நல்லது.

மூன்றாம் வாரம் - நால்வர் குழு. ஆறேழு பேர் வேண்டாம். சின்னப் பிள்ளைகளில் ஆறு பேர் குழு என்றால் இரண்டு பேர் செய்வார்கள், நாலு பேர் பார்ப்பார்கள். நால்வருக்கும் ஒரு வேலை: பொருள் எடுத்து வருபவர், எழுதுபவர், நேரம் பார்ப்பவர், வகுப்புக்குச் சொல்பவர். முதலில் கொடுக்கும் பணி ரொம்ப எளிதாக, ஏற்கெனவே தெரிந்ததாக இருக்க வேண்டும். பாடமும் புதுசு, குழுவும் புதுசு என்றால் இரண்டுமே கெடும். இலை சேகரித்து வகைப்படுத்துவது, தெரிந்த கதையைப் படமாக வரைவது மாதிரியான வேலைகள் சரி.

நான்காம் வாரம் - டீச்சர் நகர்கிறார். இப்போதுதான் டீச்சர் ஒரு குழுவோடு உட்கார்ந்து பாடம் எடுக்க ஆரம்பிக்கிறார். மற்ற குழுக்களுக்கு ஒரே விதி: "குழுவில் மூணு பேரையும் கேட்டுட்டு, அப்பவும் தெரியலைன்னா மட்டும் என்கிட்ட வா." முதல் நாள் ஐந்து நிமிடம், பிறகு எட்டு, பிறகு பத்து என்று நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். 27 நிமிடம் ஒரே நாளில் வராது.

குழுவை யார் பிரிப்பது, எப்படி?

"உங்களுக்குப் பிடிச்சவங்களோட உக்காருங்க" என்று சொல்வது அன்பாகத் தெரியும். விளைவு வேறு மாதிரி. ஒரே தெருப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்வார்கள். யாருக்கும் பிடிக்காத பிள்ளை கடைசியில் தனியாக நிற்கும். ஊரில் இருக்கும் பிரிவினை வகுப்புக்குள் வட்டம் போட்டு உட்கார்ந்துவிடும்.

இது வெறும் பயம் இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதில் கைதானவர்களில் அந்த மாணவரோடு படித்தவர்களும் இருந்தார்கள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், வகுப்பில் மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பதும் ஒரு பரிந்துரை. யார் பக்கத்தில் யார் என்பது சின்ன விஷயம் இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

இதே பிரச்சினையைச் சந்தித்த இன்னொரு இடம் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரம். கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் ஒரே பள்ளிக்கு வந்தபோது மோதல் வெடித்தது. 1971இல் உளவியலாளர் எலியட் ஆரன்சன் ஒரு வழி சொன்னார். பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு மட்டும் கொடுப்பது. முழுப் பாடமும் தெரிய வேண்டும் என்றால், அடுத்தவர் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும். ஒதுக்கப்பட்ட பிள்ளையிடமும் எல்லோருக்கும் தேவையான ஒன்று இருக்கும். 4, 5ஆம் வகுப்புகளில் சமூக அறிவியல் பாடத்தை இப்படி எடுக்கலாம்.

ஆக, குழுவை ஆசிரியர்தான் பிரிக்க வேண்டும். சீட்டுக் குலுக்கலாம், அகர வரிசை போடலாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கலைத்துப் போடுவது நல்லது.

'அரும்பு' பிள்ளை எப்பவும் அரும்பா?

நிலை வாரியாகப் பிரிப்பதில் நன்மை உண்டு. எழுத்து தெரியாத பிள்ளைக்கு எழுத்துதான் முதலில் வேண்டும். ஆனால் காலை முதல் மாலை வரை அதே குழுவில் இருந்தால், ஜூலைக்குள் வகுப்பு முழுக்க அந்தக் குழுவுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிடும். ஏழு வயசுப் பிள்ளை "எனக்குப் படிப்பு வராது" என்று முடிவு செய்ய அது போதும்.

வாசிப்புக்கும் கணக்குக்கும் நிலைக் குழு, கதை, பாட்டு, அறிவியல், ஓவியம் எல்லாவற்றுக்கும் கலப்புக் குழு என்று வைத்தால் இந்தச் சிக்கல் குறையும். வாசிக்கத் திணறும் பிள்ளை இலைகளின் பெயரை எல்லோரையும்விட நன்றாகச் சொல்லலாம். அதை வகுப்பு பார்க்க வேண்டும்.

வேலைப் பங்கீட்டிலும் கவனம் தேவை. பெண் பிள்ளைகள் கூட்டிப் பெருக்குவது, பையன்கள் மணி அடிப்பது என்று அமைந்துவிட்டால் குழுவே தப்புப் பாடம் நடத்தும். எல்லா வேலையும் எல்லோருக்கும் சுற்றில் வர வேண்டும். 2023 ஆகஸ்ட் முதல் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவடைந்த காலை உணவுத் திட்டமும் இதற்கு நல்ல களம். குழுவாக உட்கார்ந்து சாப்பிட்டு, தட்டை நகர்த்திக் கொடுத்துப் பழகிய பிள்ளைகளுக்குப் பாட நேரத்தில் சேர்ந்து இருப்பது கஷ்டமாக இருக்காது.

பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்விகள்

நல்லா படிக்கிற என் பிள்ளை மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தே நேரம் போயிடாதா?

அமெரிக்க ஆய்வாளர் நோரீன் வெப் குழுக் கற்றலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். ஏன், எப்படி என்று விளக்கிச் சொல்லும் பிள்ளை தானும் நன்றாகக் கற்கிறது என்பது அவர் ஆய்வுகளில் தெரியவந்தது. வெறும் விடையை மட்டும் வாங்கிக்கொள்ளும் பிள்ளைக்குப் பெரிய பயன் இல்லை. அதனால் "விடையைச் சொல்லாதே, வழியைச் சொல்லு" என்று முதல் மாதத்திலேயே பழக்க வேண்டும். அதே சமயம், ஒரே பிள்ளையை வருஷம் முழுக்கக் குட்டி டீச்சராக வைத்திருப்பதும் தவறு.

வகுப்பில் இவ்வளவு சத்தமா?

பேசிக் கற்கும் வகுப்பில் சத்தம் இருக்கத்தான் செய்யும். சத்தத்தின் அளவைவிட, எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கை தட்டினால் அரை நிமிடத்தில் அமைதியாகிறதா? அப்படியென்றால் வகுப்பு கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது.

குழுவில் சண்டை வந்தால்?

வரும். குழுவை உடனே கலைத்தால் "சண்டை போட்டா பிரிச்சு விடுவாங்க" என்று பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். என்ன நடந்தது என்று இருவரும் ஒருவர் பேசி முடித்த பிறகு மற்றவர் சொல்ல, இனி எப்படி என்று அவர்களே முடிவு செய்ய வேண்டும். அடிதடி, சாதியைச் சொல்லித் திட்டுவது போன்றவை மட்டும் உடனே பெரியவர்கள் தலையிட வேண்டியவை.

போர்ஷன் முடியுமா?

ஜூனில் பிந்தியது போலத் தெரியும். ஆனால் பழக்காமல் விட்டால் "பொருளை எங்க வைக்கிறது மிஸ்?", "இவன் தர மாட்டேங்கிறான் மிஸ்" என்ற புகார்களிலேயே தினமும் பத்து நிமிடம் போனால் என்ன ஆகும்? கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள். தினம் 10 நிமிடம் என்றால் 2,000 நிமிடம். 40 நிமிட வகுப்புக் கணக்கில் 50 வகுப்புகள் காலி. ஜூனில் செலவழித்த நேரம் எங்கே திரும்பக் கிடைக்கிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

எங்கே சறுக்குகிறது?

நான்கு வாரப் பழக்கத்துக்கு ஆசிரியர் வகுப்பில் இருக்க வேண்டும். ஜூன் மாதம்தான் சேர்க்கை, புத்தகம், சீருடை விநியோகம், இணையப் பதிவேற்றம், பயிற்சி வகுப்பு எல்லாம் குவிகிற மாதம். இரண்டு ஆசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பும் ஒருவர் கையில். பழக்கம் அறுந்துபோவது பெரும்பாலும் இங்கேதான். குழந்தைகளுக்கு முறை பிடிக்கவில்லை என்பது அரிது.

வீட்டில் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. "இன்னிக்கு என்ன படிச்ச?" என்பதோடு இன்னும் இரண்டு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள். "இன்னிக்கு யார்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்ட? யாருக்குச் சொல்லிக் கொடுத்த?" ஜூன் கடைசியில் இந்த இரண்டு கேள்விக்கும் குழந்தை ஒரு பெயரைச் சொன்னால் வகுப்பு சரியான பாதையில் போகிறது என்று அர்த்தம். எந்தப் பெயரும் வரவில்லை என்றால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலோ, மாலையில் வாசலில் நின்றோ டீச்சரிடம் பேசலாம். "போர்ஷன் எவ்வளவு முடிஞ்சுது?" என்று கேட்பதைவிட, "என் பிள்ளை குரூப்ல பேசுதா மிஸ்?" என்று கேட்டுப் பாருங்கள்.